பெற்றவர் இல்லாத பிள்ளையை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்: கூடலூர், பந்தலூர் பக்கத்து உறவினர்களுக்காக

நீலகிரி மாவட்டம் கூடலூரில் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், பேரன் பேத்தியை, அக்கா பிள்ளையை, தம்பி பிள்ளையை வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருவார்கள். போன மழைக்காலத்தில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மாயி வந்தார். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவர் சுற்றிய பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினார். மகளின் இறப்புச் சான்று, லேமினேட் செய்தது. ரேஷன் கார்டு நகல். தடுப்பூசி அட்டை. பையன் ஒன்றாம் வகுப்பில் எடுத்த போட்டோ. ஆறு வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிறவர் அவர். ஆனால் அவர் அவனுக்கு யார் என்று சொல்ல அந்த டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இங்கே வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை அந்தக் காகிதத்தைப் பற்றியவைதான். அதனால் எதைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இரண்டு: உங்கள் தேவைக்குப் போதுமான சின்னக் காகிதம் எதுவோ அதை முதலில் வாங்குங்கள். அவசரத்துக்குப் பொய்க் காகிதம் எதுவும் செய்யாதீர்கள்.

மகள் இறந்துவிட்டாள். மருமகன் எங்கே என்று தெரியாது. பேரனை நான்தான் வளர்க்கிறேன். யாரிடமாவது அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா? இது குற்றமா?

குற்றம் இல்லை. தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, அத்தை யாராக இருந்தாலும் சொந்தத்தில் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்க அரசாங்க அனுமதி தேவையில்லை. நம் ஊரில் காலம் காலமாக நடப்பதுதான் இது.

சொந்தம் இல்லாத பிள்ளை என்றால் கதையே வேறு. பஸ் ஸ்டாண்டிலோ ஆஸ்பத்திரியிலோ கிடைத்த குழந்தையை, ‘பாவம், நானே வளர்க்கிறேன்’ என்று வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியே ஆக வேண்டும்.

பாதுகாவலர், வளர்ப்புப் பராமரிப்பு, தத்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. இதில் குழம்பித்தான் பலர் வக்கீலிடம் தேவையில்லாமல் பணம் கொடுக்கிறார்கள்.

முதல் நிலை, சும்மா வளர்ப்பது. பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறது, காகிதம் எதுவும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் சேர்க்க, ஊசி போட, ரேஷன் கார்டில் பெயர் ஏற்ற இது பெரும்பாலும் போதும்.

அடுத்தது, பிள்ளையை உங்களிடமே வைத்துக்கொண்டு அரசின் நிதி ஆதரவை வாங்குவது. இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுத்தால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, பெற்றோர் அல்லாத ஒரு குடும்பத்திடம் பிள்ளையைக் கொஞ்ச காலத்துக்கு ஒப்படைப்பது. அதில் அண்ணன் தங்கைகளைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். குழு தடுத்தாலொழிய பெற்றவர்களும் வந்து பார்க்கலாம். இது தத்து இல்லை. பிள்ளையின் இனிஷியல் மாறாது, பெற்றவர்களின் சொத்தில் அதற்குள்ள உரிமையும் போகாது.

பாதுகாவலர் ஆவது கோர்ட் வேலை. 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின்கீழ் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். எந்த மதத்தவருக்கும் பொருந்தும். பிள்ளை பேரில் பணமோ நிலமோ இருந்தாலும், பெற்றவர்களில் ஒருவர் தகராறு செய்தாலும் இது தேவைப்படும்.

தத்து கடைசி. அதோடு பிறந்த குடும்பத்து உறவு சட்டப்படி முடிந்து, பிள்ளை முழுக்க உங்கள் பிள்ளை ஆகிவிடும். பேரனைத் தத்தெடுத்தால் அவன் உங்களுக்கு மகன், செத்துப்போன மகளுக்குத் தம்பி. இதைச் சொன்னதும் ‘ஐயோ, அது எதுக்கு’ என்று கையெடுத்துக் கும்பிட்ட பாட்டிகள் உண்டு.

குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனால் பிள்ளையைப் பிடித்து ஹோமில் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் ஊட்டிக்கே போவதில்லை. குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் குறைந்தது ஒருவர் பெண். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. ஆனால் உட்கார்ந்து பேசுகிற இடம் கோர்ட் மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது.

பிள்ளையைக் குடும்பத்தில் வைக்க வழியே இல்லை என்றால் மட்டும் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. வீடு ஓடு ஒழுகுகிறது, நீங்கள் கூலி வேலை, வயது 65 என்பதற்காகப் பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். அடி உதை, பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்புவது, குடிகாரர்களோடு தனியாக விடுவது, இவையெல்லாம்தான் அவர்கள் பார்ப்பது.

குழு முன்னால் வந்த விஷயத்தில் சமூக விசாரணை 15 நாளிலும், முடிவு நான்கு மாதத்திலும் வர வேண்டும் என்பது சட்டம். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய உத்தரவு என்றால் கலெக்டரிடம், மற்றதற்குக் குழந்தைகள் நீதிமன்றத்தில். இந்த வித்தியாசம் தெரியாமல் மாற்றிக் கொடுத்து நாளைக் கோட்டை விடுகிறார்கள்.

விசாரணைக்கு வருபவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார், பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். அதற்காக முந்தின நாள் பிள்ளைக்குப் ‘பாடம்’ எடுக்காதீர்கள். ஒரு வீட்டில், ‘பாட்டி உன்னை அடிப்பாங்களா?’ என்று கேட்டதற்கு, ‘அடிக்க மாட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க’ என்றதாம் பிள்ளை.

மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய, மாநில அரசுகளின் கூட்டுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்து சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளை, தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளை, பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் இருக்கும் பிள்ளை, உடல்நிலையாலோ வறுமையாலோ பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்று சில வகைகள் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இந்த வருமான வரம்பில்தான் எஸ்டேட் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. 72,000 என்றால் மாதம் 6,000. வீட்டில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து மாதம் முழுக்க வேலை கிடைத்தாலே அதைத் தாண்டிவிடும். வரம்பு ரொம்பக் குறைவு என்பது என் கருத்து. இருந்தாலும் வருமானச் சான்றில் பொய் எழுதச் சொல்லமாட்டேன். மழையில் வேலை இல்லாத மாதங்களும் ஆண்டுக் கணக்கில் சேரும். அதையும் சேர்த்து நேர்மையாகக் கணக்குப் போட்டால் வரம்புக்குள் வருகிற குடும்பங்கள் நிறைய உண்டு.

பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை என்றால் உதவியை நிறுத்தி வைத்து மறுபரிசீலனை செய்யலாம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. திருவிழா, காப்புக்கட்டு என்று ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று: இந்தப் பணம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். சில நேரம் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வரும்.

‘அன்புக்கரங்கள்’ திட்டமும் இதுவும் ஒன்றா?

வேறு. அது தமிழ்நாடு அரசின் சொந்தத் திட்டம். 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கினார்கள். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, 18 வயதுவரை பள்ளிப்படிப்பை முடிக்க, மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே எந்த உதவி வாங்குகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் பிடித்தம் செய்தால் மனவருத்தம்தான்.

கொரோனாவில் பெற்றோர் போய்விட்டார்கள். அப்போது அறிவித்த பணம்?

2021 மே மாதம் அறிவித்தபடி, இருவரையும் இழந்த பிள்ளை பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை, உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய். ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம். அப்போதே வாங்கியவர்கள் வைப்புத் தொகைப் பத்திரத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். மத்திய அரசின் பி.எம்.கேர்ஸ் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைக்கு 23 வயதில் 10 லட்சம் கைக்கு வரும்.

மகனும் மருமகளும் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். இருவரும் இல்லை. பி.எஃப். பணம் தவிர வேறு ஏதாவது உண்டா?

உண்டு. பி.எஃப். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, ‘முடிந்தது’ என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பென்ஷனைக் கேட்பதே இல்லை.

1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது இறந்த உறுப்பினரின் பிள்ளைகளுக்கு 25 வயதுவரை பென்ஷன் வரும். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால்கூடப் போதும். தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தால், விதவை பென்ஷனில் 25 சதவீதம் வீதம் ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. இருவருமே இல்லை என்றால் அது 75 சதவீதம் ஆகும். குறைந்தபட்சம் மாதம் 750 ரூபாய். இருவருமே பி.எஃப். உறுப்பினர்கள் என்றால் இருவர் கணக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

750 ரூபாயா என்று முகம் சுளிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு 25 வயதுவரை கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு வைப்பு இணைந்த காப்பீடு என்று இன்னொரு தொகையும் பி.எஃப். கணக்கோடு ஒட்டியிருக்கும். அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பணம் மைனர் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கே போவதானால் 2025 ஆகஸ்ட் முதல் பாதுகாவலர் சான்று தேவையில்லை. பெற்றோர் அல்லாதவர் வேறு கணக்கில் வாங்க வேண்டுமானால் அதைக் கேட்பார்கள். மேலே சொன்ன கோர்ட் மனு அப்போதுதான் தேவைப்படும்.

பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் தாய்மாமன். தப்பா?

தப்புதான். ஆனால் நீங்கள் மட்டும் செய்த தப்பு இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் ‘தந்தை’ என்ற கட்டத்தை வெறுமையாக விட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆசிரியரும், ‘ஏதோ ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கிறேன்’ என்று பேனாவோடு காத்திருப்பார்.

அந்த ஒரு வரிதான் பிறகு எல்லா இடத்துக்கும் போகும். மாற்றுச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று என்று ஒவ்வொன்றாக. பிறப்புச் சான்றில் ஒரு தகப்பன், பள்ளியில் இன்னொரு தகப்பன். வாரிசுச் சான்று கேட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் நிற்கும்போது, ‘நீ யார் பிள்ளை?’ என்று 17 வயதுப் பையனைக் கேட்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம் பிறப்புச் சான்றைக் காட்டி எழுத்தில் திருத்தம் கேளுங்கள். அதன் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். உங்கள் பெயர் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் இருக்கட்டும். பெற்றவர்களின் பெயர், அவர்கள் இறந்திருந்தாலும் ஓடிப்போயிருந்தாலும், அவர்கள் இடத்திலேயே இருக்கட்டும்.

மாற்றுச் சான்று, பிறப்புச் சான்று இல்லாமல் பள்ளியில் சேர்க்க மறுக்கலாமா?

எட்டாம் வகுப்புவரை மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சண்டை போடாமல், ‘சேர்க்க முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள் சார்’ என்று பணிவாகக் கேட்டாலே பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

பிள்ளை பத்தேரியில் பிறந்தது. பிறப்புச் சான்றை எங்கே வாங்குவது?

எங்கே பிறந்ததோ அங்கேதான். சேரம்பாடி, எருமாடு, பந்தலூர் பக்கம் பிரசவத்துக்குக் கேரளாவுக்குப் போவது சகஜம். குழந்தை தமிழ்நாட்டில் வளர்ந்தாலும் பதிவு அங்கேதான் இருக்கும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருந்தால் தேடுவது சுலபம். பதிவே செய்யாமல் ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவோடுதான் பதிய முடியும். அதனால் ஒத்திப் போடாதீர்கள்.

என் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. வங்கியிலும் ரேஷன் கடையிலும் திருப்பி அனுப்புகிறார்கள்.

முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரல். சாயம் ஏறி, தோல் தேய்ந்து, நுனியில் கீறல் கீறலாக இருக்கும். இயந்திரத்துக்கு அது விரலாகவே தெரியாது. கருவிழிப் பதிவை வைத்துச் சரிபார்க்கும்படி கேளுங்கள், ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்தும் பாருங்கள். முந்தின இரவு தேங்காயெண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் கழுவிவிட்டுப் போனால் சில நேரம் விழும். இது சட்டம் இல்லை, கைவைத்தியம்.

பிள்ளையின் ஆதாரை 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை வைத்துப் புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகை திடீரென்று நிற்பதற்கு இதை விட்டுவிட்டது காரணமாக இருக்கலாம்.

நாங்கள் பணியர் (அல்லது காட்டுநாயக்கர், இருளர், குறும்பர், தோடர், கோத்தர்). எங்களுக்கும் இதே சட்டங்கள்தானா?

இளைஞர் நீதிச் சட்டமும் பாதுகாவலர் சட்டமும் எல்லோருக்கும் பொது. ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டமும் இந்து இளவர் பாதுகாவலர் சட்டமும், மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. நீங்கள் கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும் அப்படித்தான். படுகர் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் அவர்களில் இந்துக்களுக்கு அந்தச் சட்டங்கள் பொருந்தும். இந்த வேறுபாடு தெரியாமல் பழங்குடிக் குடும்பத்துக்கு ‘இந்து தத்துப் பத்திரம்’ எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பழங்குடி இனச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தருவார். நம் மாவட்டத்தில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டங்கள். பிள்ளையின் சான்றுக்குப் பெற்றவர்களின் சான்று அடிப்படை. வளர்க்கிற பெரியம்மாவின் சான்று மட்டும் போதாது. இறந்துபோன தாய் தகப்பனின் பழைய சான்றுகளைக் குடிசையோடு சேர்த்து விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ‘என் பிள்ளையை அக்காவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியிருக்கிறோம். செல்லுமா?

அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துத் தத்து ஆகாது. இந்து தத்துச் சட்டப்படி என்றால், பிள்ளைக்கு 15 வயதுக்குள் இருக்க வேண்டும், பெற்றவர்கள் கொடுக்க, எடுப்பவர்கள் நேரில் வாங்க வேண்டும். ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. பதிவு செய்த பத்திரம் இருந்தால் கோர்ட் அதை நம்பும்.

இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்து என்று இன்னொரு வழி இருக்கிறது. மத வேறுபாடு இல்லை. ஆனால் ‘உறவினர்’ என்றால் அதில் தகப்பன் வழி, தாய் வழி மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி முறையினரும் தாத்தா பாட்டியும்தான். ஒன்றுவிட்ட அண்ணன், பங்காளி எல்லாம் வரமாட்டார்கள். மத்திய தத்து ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து, பெற்றவர்களின் சம்மதமும் (அவர்கள் இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியும்), 5 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதமும் வாங்கி, கலெக்டரின் உத்தரவோடு முடியும். 2022 செப்டம்பர் வரை இந்த உத்தரவைக் கோர்ட்தான் போட்டது.

பணம் கைமாறியிருந்தால் அதற்குப் பெயர் தத்து இல்லை, குழந்தை விற்பனை. ஐந்து வருஷம்வரை சிறை.

நாலு வருஷம் எட்டிப் பார்க்காத தகப்பன் இப்போது வந்து பிள்ளையைக் கேட்கிறார். கொடுத்தே ஆக வேண்டுமா?

இயற்கைப் பாதுகாவலர் தகப்பன்தான், அவருக்குப் பிறகு தாய். அந்த உரிமை சும்மா போய்விடாது. தாய் இறந்த பிறகு, வளர்த்த சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கித் தகப்பனிடம் கொடுத்த தீர்ப்புகளும் உண்டு. அதே நேரம், எந்த வழக்கிலும் பிள்ளையின் நலன்தான் முதல் அளவுகோல். விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

வாசலில் வைத்துப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துச் சண்டை போடாதீர்கள். ஒளித்தும் வைக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்க விடுங்கள், உங்கள் வீட்டிலேயே, உங்கள் முன்னாலேயே. அப்புறம் உடனே இலவசச் சட்ட உதவிக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாரானாலும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பள்ளிக் கட்டண ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் அட்டை, எல்லாம் இந்த நாளுக்காகத்தான் டப்பாவில் இருக்க வேண்டும்.

அப்பா வழிப் பாட்டிக்கும் அம்மா வழிச் சித்திக்கும் போட்டி. யாருக்குச் சாதகம்?

இதைத்தான் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் பார்த்தது. குஜராத்தில் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு சிறுவன். சித்திக்கு வயது குறைவு, அரசு வேலை, கூட்டுக் குடும்பம் என்று உயர் நீதிமன்றம் அவரிடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோல் ஆக முடியாது என்பதுதான் சாரம். ‘நமக்கு வயசாச்சு, காசு இல்லை’ என்று முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் பாட்டிகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன். அதற்காக எல்லா வழக்கிலும் தாத்தா பாட்டிதான் ஜெயிப்பார்கள் என்று அர்த்தமில்லை.

பிள்ளையின் தகப்பன் பேரில் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பிள்ளை படிப்புக்காக அதை நான் விற்கலாமா?

முடியாது. வளர்ப்பவர் என்பதால் மட்டும் இந்து மைனரின் சொத்தில் கைவைக்க அதிகாரம் கிடையாது. பெற்ற தாயே விற்பதானாலும் கோர்ட் அனுமதி வேண்டும். பச்சைத் தேயிலையைப் பறித்து விற்று வரும் காசை பிள்ளைக்குச் செலவழித்து, அதற்கு ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்தால் பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. (கூடலூரில் ஜன்மி நிலம், அதாவது பழைய நிலக்கிழாரின் நிலம், அதை ஒழித்த சட்டத்தின் பிரிவு 17 என்று நிறையப் பேருக்குப் பட்டாவே கிடையாது. அது தனிப் புராணம்.)

எனக்கு 71 வயது. எனக்குப் பிறகு பேத்தியை என் இளைய மகன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உயில் எழுதலாமா?

உங்கள் சொத்தை எழுதலாம், பேத்தியை எழுத முடியாது. இந்துச் சட்டப்படி, உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்கும் உரிமை தாய் தகப்பனுக்கு மட்டும்தான். நீங்கள் இருக்கும்போதே மகனும் சேர்ந்து பாதுகாவலர் மனு போடுவதுதான் வழி. அதற்கு முன்னால் பேத்தியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்குச் சித்தப்பாவைவிட அத்தையைப் பிடித்திருக்கலாம்.

கோயம்புத்தூரில் ஒரு ஹோமில் சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசமாம். அனுப்பலாமா?

முதலில் அது இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவான இல்லமா என்று பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். வெற்றுத் தாளிலோ படிக்காத படிவத்திலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, அரசு விடுதி என்றால் அது வேறு. லீவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும், உங்கள் உரிமை எதுவும் போகாது.

பிள்ளை ஏதோ பயந்து போயிருக்கிறாள். வீட்டிலேயே ஒருவர்மேல் சந்தேகம். சொன்னால் குடும்ப மானம் போகாதா?

1098ஐ அழையுங்கள், இரவானாலும். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் குற்றம். பிள்ளையின் பெயரை வெளியிட யாருக்கும் உரிமை இல்லை.

உதவி கேட்டுப் பிள்ளையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடலாமா?

வேண்டாம். நல்ல எண்ணத்தில் போட்டாலும், ‘அனாதைப் பிள்ளை’ என்று பெயர், பள்ளி, ஊரோடு சுற்றுகிற படத்தை வகுப்புத் தோழன் அவன் முகத்துக்கு நேராகக் காட்டுவான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்றும் சட்டம் இருக்கிறது.

ஊட்டிக்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, பெற்றவர்களின் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளியிலிருந்து படிக்கும் சான்று, பிள்ளை பேரில் உள்ள வங்கிப் புத்தகம், இருவரின் போட்டோ. எல்லாவற்றிலும் இரண்டு நகல். தகப்பன் இறக்கவில்லை, காணவில்லை என்றால் போலீசில் கொடுத்த புகாரின் ரசீது. புகாரே கொடுக்கவில்லை என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள்.

பந்தலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் தேவாலா, கூடலூர், நடுவட்டம், பைக்காரா தாண்டிப் போய்ச் சேரவே பாதி நாள் ஆகிவிடும். ஆகவே போன் செய்து, அலுவலர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அன்று மனு கொடுத்தால் மனு எண் போட்டு ரசீது கிடைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போட வைத்து முதல் நடைக்கே கூட்டிப்போக வேண்டாம், அவர்கள் கூப்பிடும்போது கூட்டிப்போனால் போதும். பிள்ளைக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்தால் நிதி ஆதரவு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அவர் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அதையும் மனுவில் சேர்த்துவிடலாம்.